ஃபில்டரில் கிடைத்தது

பிளக் தரையில் கிடந்தது. அதன் மூன்று கால்களிலும் தூசி படிந்திருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு ஏதோ ஒரு சின்னச் சிலந்தி சாவகாசமாக நூல் கட்டிக் குடித்தனமே தொடங்கியிருந்தது. ஆனால் வாஷிங்மெஷினின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கலங்கிய தண்ணீருக்குள், துணியெல்லாம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக மறுபக்கம் புரண்டது.

டெஸ்டர் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

வாஷிங்மெஷின் மெக்கானிக்குகள் மத்தியில் அவனுக்கு அதுதான் பெயர். சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும். கல்யாணத்தன்றுகூட அதை எடுத்து வைக்கவில்லை, போட்டோவில் மாலைக்கு நடுவே அதுவும் சிரிக்கிறது என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"எப்பம்மா பிளக்கைக் கழட்டினீங்க?"

"இப்பத்தான்."

வீட்டுக்கார அம்மாள் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பாமல் முதுகிலிருந்தே பதில் வந்தது. ஹாலில் இருந்த நாற்காலிகளும் அப்படித்தான், ஒன்றுவிடாமல் இந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மெஷின்மேல் ஒரு பழைய போர்வை கண்ணாடியை மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கியதே அவன்தான்.

இப்பத்தான் என்பது பொய் என்று அந்தச் சிலந்திக்கே தெரியும். ஆனால் வாடிக்கையாளர் சொல்லும் பொய்யைத் தோண்டாமல் விடுவது தொழிலின் பாலபாடம். 'நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா நின்னுடுச்சு' என்று சொல்லாத வீடு எங்கே இருக்கிறது? வயிறு முட்டத் தண்ணீர், ஸ்பிரிங்கில் தொங்கும் டிரம். தெருவில் ஒரு லாரி போனால்கூட ஆடத்தான் செய்யும். தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பையைத் திறந்தான். தெருவில் லாரி எதுவும் போகவில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தான்.

"என்னம்மா பண்ணுது?"

"தண்ணி வெளிய போகல. கதவும் திறக்கல. உள்ள எதுவோ தட்டுது."

"சுத்தும்போதா?"

"சுத்தாதப்பவும்."

"அதுக்கும் பொழுது போக வேண்டாமாம்மா?" என்றான். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள். ஸ்டூலின் மேலிருந்த முதுகு சிரிக்கவில்லை.

"பெரிய கோளாறு இல்லம்மா. உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் கதவு திறக்காது, பூட்டோட குணமே அதுதான். தண்ணி போகலைன்னா ஃபில்டர் அடைச்சிருக்கு. அடைப்பை எடுத்துட்டா ரெண்டு நிமிஷத்துல க்ளிக்குனு விட்டுடும்."

கீழே மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தான். தட்டை வைத்து, ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். தண்ணீர் வந்தது. மெஷின் தண்ணீருக்கென்று ஒரு வாடை உண்டு, சோப்பும் ஊறிய துணியும் கலந்து. இது வேறு. பூங்கொத்து வாடிப்போன பிறகும் பல நாள் மாற்றாமல் விட்ட ஜாடித் தண்ணீரின் வாடை. ஐஸைத் தொட்டதுபோல விரல் விறைத்தது.

ஃபில்டர் கையோடு வந்தது. நூல்பிசிறு, ஒரு கொண்டை ஊசி, ஒரு நாணயம். அப்புறம், பிசிறுக்குள் சுருண்டு, ஒரு பட்டன். சிவப்பு. ஐந்து இதழ் வைத்த பூ மாதிரி, குழந்தைகள் கவுனில் வைத்துத் தைப்பதுபோல. துளையில் கொஞ்சம் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபில்டரில் கிடைப்பது மெக்கானிக்குக்கு. எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சில்லறை, ஊக்கு, பட்டன், அதிர்ஷ்டம் இருந்தால் ஒற்றைக் கம்மல்: அழுக்கில் கை வைக்கிறவனுக்கு அவ்வளவுகூடக் கிடையாதா? கேட்கிற வீட்டுக்குக் கொடுப்பார்கள். கேட்காத வீட்டில் அது சட்டைப் பைக்குப் போகும். டெஸ்டர் வீட்டில் ஏழு வயதுப் பெண் இருந்தாள். அவளிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பட்டன் இருந்தது, அத்தனையும் ஊரார் ஃபில்டர்களில் விளைந்தவை.

"போன தடவை வந்தவர் ரொம்ப நல்ல மனுஷன்" என்றது முதுகு. "கிடைச்சதையெல்லாம் துடைச்சு மெஷின் மேலயே வெச்சுட்டுப் போயிட்டார். அதுக்கு முன்னாடி வந்தவரும் அப்படித்தான்."

பாராட்டுகிற குரல் இல்லை அது. ஓட்டைப் பாத்திரம் விற்றவனைப் பற்றிப் பேசுகிற குரல். டெஸ்டர் அதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டான்: முன்னால் வந்தவனைப் புகழ்கிறாள் என்றால் இப்போது வந்தவனின் கூலியைக் குறைக்கப் போகிறாள். எத்தனை வீடு பார்த்தாயிற்று. பட்டன் விரலிலிருந்து பைக்குள் வழுக்கியது.

"என்ன இருந்துச்சு?"

"நூலும் அழுக்கும்தாம்மா. ஒரு ஊசி, ஒரு காசு."

அவற்றை மெஷின்மேல் வைத்தான். நாணயத்தைத் தியாகம் செய்தால் பட்டனை யாரும் தேடமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அந்த அம்மாள் முதல் தடவையாகத் திரும்பினாள். பல நாள் தூங்காத முகம். அவள் பார்வை ஊசியில் பட்டது, நாணயத்தில் பட்டது, அவன் சட்டைப் பைக்கு வந்து நின்றது. பையில் ஒரு ஈரவட்டம் பரவிக்கொண்டிருந்தது.

உள்ளே க்ளிக் என்று பூட்டு விட்டது. கதவு தானாகத் திறந்துகொண்டது. துணிகள் அசையாமல் கிடந்தன, ரொம்ப சாதுவாக.

அவள் பெருமூச்சு விட்டாள். அவன் வாய்க்கு வந்த கூலியைச் சொன்னான், பாதியில் நிற்கும் என்ற நம்பிக்கையில். அவள் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். பேரம் பேசவே இல்லை. பேரம் பேசாமல் காசு கொடுக்கிறவர் ஏற்கெனவே லாபம் பார்த்துவிட்டவர் என்று அவன் வேறு யாருக்காவது என்றால் புத்தி சொல்லியிருப்பான்.

வாசல்வரை வந்து, "பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஒரே பொண்ணும்மா."

அவள் வாய் திறந்தது. எதையோ சொல்ல வந்து, உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

அவன் மனைவிக்கு மருந்துக்கடையில் மாலை நேர வேலை. அவள் திரும்பும்வரை அப்பாவும் பெண்ணும்தான் வீட்டில். பெண் டப்பாவின் மூடியை டக் டக் டக் என்று தட்டினால் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம். பட்டன் கடை. டெஸ்டர் வாடிக்கையாளர்.

"இது என்ன விலைங்க?"

"நூறு ரூபாய்."

"அடேயப்பா! பக்கத்துக் கடையில பத்து ரூபாய்க்குத் தர்றாங்க."

"அப்ப அங்கயே போய் வாங்கிக்கங்க. இங்க வந்து ஏன் நிக்கறீங்க?"

அவனுக்குப் பெருமை பிடிபடாது. தன் ரத்தம்தான். சிவப்புப் பட்டனை அவள் கையில் வைத்தான். அவள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், காதில் வைத்துக் கேட்டாள், மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்தாள்.

"அது என்ன விலைங்க?"

"இது விக்கறதுக்கு இல்ல."

"கடைக்காரம்மா இப்படிச் சொல்லலாமா? சும்மா விலையைச் சொல்லுங்க."

"இது அவளோடதுப்பா" என்றாள் பெண், கடைக்காரி குரலை விட்டுவிட்டு.

சட்டையைக் கழற்றியபோது பையின் ஈரம் அப்படியே இருந்தது. கொடியில் போட்டான். காலையில் சட்டை முழுக்கக் காய்ந்திருக்க, பை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் வீட்டு மெஷின் இரண்டு பழைய மெஷின்களைச் சேர்த்து அவனே கட்டியது. ஒன்றின் மோட்டார், இன்னொன்றின் உடம்பு. கதவுக்கு மட்டும் கெட்டியான பூட்டாகத் தேடி வாங்கிப் போட்டிருந்தான். அவசரத்துக்கு இழுத்துத் திறக்கும் கயிறு கம்பெனிப் பூட்டில் இருக்கும், இதில் அதையும் வெட்டி எறிந்திருந்தான். பெண் விளையாட்டாகத் திறந்துவிடக் கூடாதே என்ற பயம். 'இந்தப் பூட்டை உடைச்சு உள்ள போகணும்னா நானே நாலு பேரைக் கூட்டிட்டு வரணும்' என்று பீற்றிக்கொள்வான்.

அந்த மெஷின் நின்றது. தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளே பம்ப் முக்கியது, முனகியது, ஓய்ந்தது.

"ஊர் மெஷினையெல்லாம் பார்க்கற ஆளு வீட்ல துணி ஊறிக் கிடக்குது" என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. "நான் வேணா வெளிய நல்ல மெக்கானிக்கா பார்த்துக் கூப்பிடவா?"

ஃபில்டரைத் திருகினான். அதே ஜாடித் தண்ணீர் வாடை. பிசிறுக்குள் ஒரு பட்டன், சிவப்பு, ஐந்து இதழ். பெண்ணைத் திட்டலாம் என்று டப்பாவைத் திறந்தான். முன்பு கொடுத்தது டப்பாவில் ஓரமாகத் தனியே இருந்தது. அவன் கையில் இருந்தது வேறு ஒன்று.

இரண்டையும் தெருச் சாக்கடையில் போட்டான். தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். அடுத்த தடவை ஃபில்டரைத் திறந்தபோது மூன்று இருந்தன.

பெண் அவற்றை வாங்கித் தரையில் ஒரு வரிசையாக வைத்தாள், கவுனில் வைப்பதுபோல, மேலிருந்து கீழாக. "அஞ்சு வேணுமாம்" என்றாள்.

"யாருக்கு?"

"அவளுக்கு. பட்டன் இல்லாம எப்படி வெளிய வருவா? குளிராதா?"

"எங்கிருந்து வருவா?"

பெண் மெஷினைப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குத் திக்கென்றது. தன் நாற்காலியை இழுத்து, மெஷினுக்கு முதுகைக் காட்டும்படி திருப்பிப் போட்டு, உட்கார்ந்துகொண்டாள். "அவ வந்ததும் நான் உள்ள விளையாடலாமாம். மாத்தி மாத்தி."

அன்றைக்கே மெஷினின் பிளக்கை உருவினான், குழாயைக் கழற்றினான், வாசலுக்கு இழுக்க ஆரம்பித்தான். பழைய இரும்புக்காரனுக்குச் சும்மா கொடுத்தால்கூடச் சரி. வாசற்படியை மெஷின் தொட்டபோது பின்னால் பெண் இருமினாள். சாதாரண இருமல். இன்னொரு அடி இழுத்தான். இருமல் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தான். அவள் வாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கலங்கிய தண்ணீர், அதில் நூல்பிசிறு மிதந்தது.

மெஷினை உள்ளே தள்ளினான். தள்ளத் தள்ள இருமல் குறைந்தது. பழைய இடத்தில் போய் நின்றதும் அடியோடு நின்றது.

"பசிக்குதுப்பா" என்றாள் பெண்.

அவன் சுவரோரம் உட்கார்ந்தான். எதிரே கண்ணாடிக்குப் பின்னால், கழற்றிய குழாயோடு, உருவிய பிளக்கோடு, டிரம் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பியது.

*

அந்த அம்மாளின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் மிச்சமிருந்த நாற்காலிகள் இப்போது எல்லாப் பக்கமும் பார்த்து நின்றன. அவள் முகம் தூங்கி எழுந்த முகம். அவனைப் பார்த்ததும் அந்த முகம் சுருங்கியது.

நாலு பட்டன்களை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நாலாவது காலையில்தான் வந்திருந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"இதைத் திரும்ப வாங்கிக்கங்கம்மா."

"நான் குடுக்கலையே. நீங்களாத்தானே எடுத்தீங்க."

"தப்புதான். கால்ல வேணா விழறேன். வாங்கிக்கங்க."

"குடுத்தா வாங்க முடியாதுங்க." குரல் தணிந்தது. "நான் எத்தனை பேருக்குக் குடுத்துப் பார்த்தேன் தெரியுமா? குடுத்தா போகாது. வேண்டி எடுக்கணும். யாரும் கேட்காம, யாருக்கும் தெரியாம, நமக்குன்னு எடுக்கணும். நானும் ஒரு வீட்ல அப்படித்தான் எடுத்தேன். அழகா இருந்துச்சு."

"உள்ள இருக்கறது என்னம்மா?"

"தெரியாது. நான் கேட்டுக்கல. எனக்குப் பிள்ளை இல்ல, அதனால அதுக்கு இங்க மாத்திக்க ஆள் இல்லாம இருந்துச்சு. தட்டிக்கிட்டே இருக்கும்." கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்குன்னு சொன்னப்ப சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். அப்புறம் நினைச்சேன், இன்னிக்கு ஒரு நாளாவது தூங்கலாமேன்னு."

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் சொன்னதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் மூளை பிடித்துக்கொண்டது, சந்தையில் வளர்ந்த மூளை. வேண்டி எடுக்கணும். அப்படியானால் எடுக்கிற ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆளை அவனுக்குத் தெரியும்.

*

மோட்டார் அண்ணன் என்றால் தொழிலில் தெரியாதவர்கள் கிடையாது. தொண்டை பேரிங் போன மோட்டார் மாதிரி கரகரக்கும். கை அதைவிடப் பிரசித்தம். ஃபில்டரில் கிடைத்த துருப்பிடித்த நட்டைக்கூட விடமாட்டார். 'அண்ணன் பார்த்துட்டுப் போன மெஷின்ல நூல்பிசிறுகூட மிச்சம் இருக்காது' என்பார்கள். அவருக்கும் பேரன் பேத்திகள் உண்டு. டெஸ்டர் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். நினைவு வந்தபோதெல்லாம் பெண்ணின் வாயிலிருந்து வழிந்த பிசிறை நினைத்துக்கொண்டான்.

அவரை வரச்சொல்லியிருந்த அன்று காலை பென்சில் சீவும்போது பெண்ணின் விரலில் பிளேடு பட்டுவிட்டது. அழுதாள். அவன் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு சிரித்த வாயும் வரைந்தான். அழுகை நின்றது. சாயங்காலம் மனைவி வேலைக்குப் போனதும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் போனான். "அக்கா, நான் வந்து கூப்பிடற வரைக்கும் இவ இங்கயே இருக்கட்டும்."

"அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றாள் அக்கா.

நாலு பட்டன்களையும் ஃபில்டருக்குள் போட்டு, பிசிறு சுற்றி, இறுக்கித் திருகினான்.

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் மோட்டார் அண்ணன் வந்தார். "என்னடா, உன் வீட்டுக்கே என்னைக் கூப்பிடற? ஊர் சிரிக்கும்டா!"

"எனக்குப் பிடிபடலண்ணே. நீங்க பார்த்தாத்தான் தெரியும்."

"அப்படி வா வழிக்கு." அவர் முகமெல்லாம் பல். தரையில் உட்கார்ந்து, மெஷினின் வயிற்றில் தட்டிப் பார்த்தார். "தண்ணி நிக்குது. ஃபில்டரைப் பார்த்தியா?"

"இல்லண்ணே. நீங்களே பாருங்க. நான் டீ போட்டுக் கொண்டுவர்றேன்."

சமையலறைக்குப் போய், வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். எடுக்கிறவனுக்கு வசதியாக இருக்கட்டும். அடுப்பில் பால் பொங்கும் சத்தத்துக்கு மேல் காதை அங்கே வைத்திருந்தான். ஃபில்டர் திருகும் கிறீச். தட்டில் தண்ணீர் விழும் சளசளப்பு. அப்புறம் ஒரு சின்ன 'அட'. அப்புறம் அமைதி. நீண்ட அமைதி. சட்டைப் பைக்கு ஒரு கை போய்வர எவ்வளவு நேரம் வேண்டுமோ, அதற்குக் கொஞ்சம் மேலேயே.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எடுத்துக்கங்கண்ணே. தயவுபண்ணி எடுத்துக்கங்க.

டீயோடு வந்தபோது மோட்டார் அண்ணன் வாசலிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"அவ்வளவுதான்டா. அடைப்பு. இதுக்கா என்னை மழையில வரவெச்ச?"

"என்னண்ணே இருந்துச்சு?"

"பட்டன்டா. அஞ்சு பட்டன், சிவப்பா, அழகா."

"அஞ்சா?"

"அஞ்சுதான். எண்ணித்தானே குடுத்தேன்."

"குடுத்தீங்களா? யார்கிட்ட?"

"பாப்பாகிட்டதான். வேற யார்கிட்ட?" அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "ஊர்ல என்னைப் பத்தி என்ன வேணா சொல்லட்டும். தொழில்காரன் வீட்டு ஃபில்டர்ல இருந்து ஒரு துரும்பு எடுத்திருப்பேனாடா நான்? நமக்குள்ள அது கிடையாது. கூலியும் வேண்டாம், போ."

அந்தச் சட்டமும் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டெஸ்டருக்கும்.

"அண்ணே. எந்தப் பாப்பா?"

"என்னடா கேள்வி இது? வாசல்ல நின்னுட்டிருந்துச்சே. உன்னோடதான்னு கேட்டேன், ஆமாம்னு தலையாட்டிச்சு. கையை நீட்டி வாங்கிக்கிச்சு." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குடா, துவட்டி விடு. கவுன்ல பட்டன் எல்லாம் அறுந்து நெஞ்சு திறந்து கிடக்கு. குளிருதுன்னு சொல்லிச்சு. அம்மாகிட்டச் சொல்லித் தைச்சுப் போடு, என்ன?"

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். கரகரத்த குரல் தெருமுனைவரை ஏதோ பாட்டை முனகிக்கொண்டு போனது.

டெஸ்டர் எதிர்வீட்டுக்கு ஓடினான். மழை. செருப்பு வழுக்கியது. கதவைத் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்பவே வந்துட்டாளே" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "ஜன்னல்ல யாரோ தட்டினாங்க. அப்பா கூப்பிடறாருன்னு ஓடினா. ஏன், வரலையா?"

திரும்பி ஓடினான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலிலிருந்து உள்ளே ஈரம். சின்னச் சின்னக் கால்தடங்கள். வெளியிலிருந்து உள்ளே போனவை இல்லை. மெஷினிலிருந்து வெளியே வந்தவை. பிறகு பக்கத்தில் இன்னொரு ஜோடி. சின்னச் செருப்புத் தடம், சேறு ஒட்டியது. அது உள்ளே போனது.

திரும்பி வரவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான்.

"என்னப்பா?"

பின்னால்.

ஒரு சின்னக் கை அவன் கையைப் பிடித்தது. விரல் விறைக்கும் குளிர். ஜாடித் தண்ணீர் வாடை. அவன் குனிந்து பார்த்தான். நனைந்த தலை. கழுத்திலிருந்து வரிசையாகச் சிவப்புப் பட்டன்கள், மேலிருந்து கீழாக, ஒன்றுவிடாமல் போட்டிருந்தது. முகம் அவன் பெண்ணின் முகம்தான். மூக்கு, புருவம், காதோர மச்சம். எல்லாம் சரியாக இருந்தது.

அவன் பிடித்திருந்த விரல்களைத் தடவிப் பார்த்தான். ஒவ்வொன்றாக.

வழவழவென்று இருந்தன. எதிலும் பிளாஸ்திரி இல்லை.

"கடையை மூடிட்டேன்பா" என்றது அது.

மெஷின் பக்கமிருந்து சத்தம் வந்தது. டக் டக் டக். நிறுத்தி, மறுபடி, டக் டக் டக்.

பிளக் தரையில் கிடந்தது. கதவு பூட்டியிருந்தது, அவன் தேடித் தேடிப் போட்ட பூட்டு. கயிறு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கலங்கிய தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு சின்ன விரல் மெல்ல வந்து கண்ணாடியில் பதிந்தது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரியில், அவன் காலையில் பேனாவால் வரைந்த இரண்டு கண்ணும் வாயும், மை கரைந்து வழிய, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.